பிரம்பில்லாத சிரிப்பு

பிறனொருவனுடைய நாக்கைப் பார்த்துச் சிரிப்பது மனிதர்க்கு மிக எளிதிற் கைவந்த கலை. அதற்குக் கதையமைப்பு வேண்டியதில்லை. பாத்திர வளர்ச்சியும் வேண்டியதில்லை. நம் தெருவில் வழங்காத உச்சரிப்பிலே இரண்டு சொற்களை ஒருவன் மேடையிலே சொல்லிவிட்டாற் போதும், சபை கலகலத்துவிடும். பாடசாலை நாடகப் போட்டிகள் சிலவற்றிற்கு நடுவராகச் சென்றுவந்தவன் என்ற முறையிலே இதைச் சொல்கிறேன். நமது குடாநாட்டு மேடைகளிலே நாடகம் தொய்ந்துபோகும் இடமெல்லாம் ஒரு முஸ்லிம் வியாபாரியோ, ஒரு தோட்டத் தொழிலாளியோ, கொச்சைத் தமிழ் பேசும் ஒரு சிங்களப் பொலிஸ்காரனோ வந்து நிற்பதைக் காண்கிறோம். அவன் வந்ததற்குக் கதையிலே காரணம் இராது. சபை சிரித்தது என்பதே காரணம்.

இதைப் பற்றி இருவகையான அபிப்பிராயங்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார், பிறர் பேச்சைப் பரிகசிக்கும் பாத்திரங்களை மாணவர் நாடகங்களில் அறவே தடுத்துவிடவேண்டும் என்பர். மற்றொரு சாரார், 'சிரிப்பதற்கும் கட்டுப்பாடா? அதை அப்படியே விட்டுவிடுங்கள்' என்பர். எனக்கு இரண்டும் உடன்பாடன்று. முதலாவது நகைச்சுவையின் உயிரை அறியாத பேச்சு. இரண்டாவது அதன் வலியை அறியாத பேச்சு. பிறர் மொழியை வைத்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பிலே எவன் கையிலாவது பிரம்பு இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இதுவே நான் சொல்ல விரும்புவது.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்து, அவற்றுள்ளும் எள்ளலை முதலாவதாகக் கூறினார். உரைகண்ட பேராசிரியர் அந்த எள்ளலை மேலும் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானும் சிரிப்பது மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட இந்த வேறுபாட்டை நமது நகைச்சுவை எழுத்தாளர் பலர் இன்னும் கவனிக்கவில்லை. முதலாவது வகைக்கு ஒருவன் வாய் போதும். இரண்டாவதற்கு இருவர் வேண்டும். அவ்விருவரும் ஒரே திண்ணையிலே சமமாக அமர்ந்திருக்கவும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு இரண்டு நகைச்சுவைத் தொடர்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் 1970களைச் சேர்ந்தவை. ஒன்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்தது; மற்றது நமது இலங்கை வானொலியில் ஒலித்தது.

பிரித்தானியாவில் நகைச்சுவை நிகழ்ச்சிகள் இரு பெரும் வகையின. ஒன்று, ஒரு குடும்பத்தையோ அலுவலகத்தையோ நிலைக்களனாகக் கொண்டு, அதே பாத்திரங்களை வாரந்தோறும் காட்டும் தொடர்கதை. மற்றது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத துணுக்குக் காட்சிகளின் கோவை. இவ்விரண்டையும் கலந்து சமைப்பதிலே ஆங்கிலேயர் நெடுங்காலமாகவே கைதேர்ந்தவர்கள். பீ.பீ.சி. வானொலியில் 1948 முதல் 1960 வரை நடைபெற்ற 'டேக் இட் ஃப்ரம் ஹியர்' என்ற நிகழ்ச்சி துணுக்குக் காட்சிகளால் ஆனது. 1953இல் அதனுள்ளே 'கிளம்' என்னும் ஒரு குடும்பம் குடியேறியது. துணுக்குகளின் நடுவே வந்த அந்தக் குடும்பமே பின்னர் நேயர் மனத்தில் நிலைத்து நின்றது.

அந்தக் கலப்பு மரபிலே வந்ததுதான் 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்னும் தொலைக்காட்சித் தொடர். வின்ஸ் பவல் எழுதிய இத்தொடரை லண்டன் வீக்எண்ட் நிறுவனம் 1977 முதல் 1979 வரை தயாரித்தது. இலங்கை உட்படப் பல நாடுகளிலே அது காட்டப்பட்டது. லண்டனிலே பிற நாட்டவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் இரவு வகுப்பு, அதுதான் களம். இத்தாலியர், ஸ்பானியர், ஜேர்மானியர், கிரேக்கர், ஜப்பானியர், சீனர் ஆகியோருடன் சீக்கியர் ஒருவர், பாக்கிஸ்தானியர் ஒருவர், இந்தியப் பெண்ணொருவர் எனப் பலரும் மாணவர். வாரத்துக்கொரு கதை உண்டு. ஆயினும் அந்தக் கதை உண்மையில் ஒரு கயிறுதான். அதிலே கோக்கப்பட்ட மணிகள் துணுக்குகளே. ஒவ்வொருவராக வகுப்புக்குள் நுழைவார்கள், ஒவ்வொருவரும் ஆங்கிலத்தை ஒவ்வொரு விதமாகக் கொல்வார்கள், சபை சிரிக்கும்.

நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான். அதில் நடித்தோரின் திறமையையும் காலக்கணக்கையும் எவரும் குறைசொல்ல இயலாது. பஞ்சாபிச் சீக்கியராக வந்த அல்பேட் மோசஸ் இலங்கையிற் பிறந்தவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2017இல் மறைந்த இந்த நடிகர், தாம் பிறந்த நாட்டுக்கும் தமக்கும் சம்பந்தமில்லாத ஒரு தலைப்பாகையை அணிந்து, தமதல்லாத ஓர் உச்சரிப்பைப் பேசி உலகப் புகழ் பெற்றார். ஆங்கிலச் சபைக்கு அது வேறுபாடாகத் தெரிந்திராது. கீழைத்தேயத்தவர் ஒருவர் ஆங்கிலத்தைத் தவறாகப் பேசுகிறார் என்பதே அதற்கு வேண்டியிருந்தது.

ஆனால் அந்த வகுப்பிலே ஒருவருடைய பேச்சு மட்டும் ஒருபோதும் சிரிப்புக்கு இலக்காகவில்லை. அவர் ஆசிரியர் ஜெரமி பிரவுண். அவர் அசட்டுச் சங்கடங்களில் மாட்டிக்கொள்வார். தலைமையாசிரியையிடம் ஏச்சும் வாங்குவார். ஆயினும் அவருடைய ஆங்கிலம் அளவுகோலாக நிமிர்ந்து நிற்கும். மற்றவர் அனைவரும் அந்த அளவுகோலுக்கு எவ்வளவு குறைந்தார்கள் என்பதே நகைச்சுவை. பிரம்பை ஓங்காத நல்ல ஆசிரியர்தான் அவர். ஆயினும் பிரம்பு அவருடைய மொழியிலேயே இருந்தது. அந்த நிறுவனத்திற் பொறுப்பு வகித்த மைக்கேல் கிரேட், இனங்களைக் காட்டிய விதம் தகாதது எனக் கருதி 1979இல் தொடரை நிறுத்தினார். 1986இல் அது சிறிது காலம் மீண்டும் எடுக்கப்பட்டதாயினும் பழைய செல்வாக்கைப் பெறவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நமது பேச்சு மொழியை நகைச்சுவைக்குக் கொண்டுவந்த முன்னோடிகள் விதூஷகர்கள் அல்லர், கற்றறிந்த பெரியோர். பருத்தித்துறையை அடுத்த புலோலியைச் சேர்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை லண்டன் பல்கலைக்கழகத்திலே தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்லிலே பொறித்த தமிழை ஆராய்ந்த அந்த மொழியியலறிஞரே யாழ்ப்பாணத்தார் நாவிலே பொறித்த தமிழையும் எழுத்தில் வடித்தார். 1940இல் வெளிவந்த அவருடைய 'நானாடக'த்தில் 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நான்கு நாடகங்கள் உள்ளன. அங்கே சிரிப்புக்கு இலக்காவது நம்மூர் மிடுக்கும் நம்மூர்த் திருகுதாளமுமேயன்றி அயலான் நாக்கன்று.

அவர் வழியிலே வானொலிக்கு வந்தவர் இலங்கையர்கோன். ஏழாலையைச் சேர்ந்த த. சிவஞானசுந்தரம் என்னும் இவர் ஈழத்துச் சிறுகதை முன்னோடி மூவருள் ஒருவர், காரியாதிகாரியாகப் பதவி வகித்தவர், 1961இல் மறைந்தார். அவர் மறைந்தபின் வெளிவந்த 'வெள்ளிப் பாதசரம்' என்ற சிறுகதைத் தொகுதியைப் பல்கலைக்கழகங்களிலே இன்றும் பேசுகிறோம். அவரே 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' என்னும் வானொலித் தொடர்களையும் எழுதினார். அக்காலத்தில் இலங்கை வானொலித் தமிழ் நாடகங்களைத் தயாரித்தவர் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன், 'பரியாரி பரமர்' என்னும் நடைச்சித்திர நூலின் ஆசிரியர், ஓவியருங்கூட. 1960களின் முற்பகுதியிலே பேச்சுத்தமிழ் இலக்கியத்துக்கு ஆகுமா, அது இழிசனர் வழக்கல்லவா என்று பண்டிதர்களும் எழுத்தாளர்களும் ஏட்டிலே போர் தொடுத்தார்கள். அந்தப் போர் மூளுமுன்னரே விதானையார் தம் வீட்டிலே யாழ்ப்பாணத் தமிழ் பேசி வழக்கை வென்றுவிட்டார் என்றே சொல்லவேண்டும். பண்டிதர் வீட்டு வானொலிப் பெட்டியும் அதே பேச்சைத்தானே பேசியது!

ஆயினும் இவையெல்லாம் நம்மை நாமே பார்த்துச் சிரித்தவை. பிறரும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதென்பது மேலும் கடினமானது. அதைச் சாதித்தது 1970களில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்'.

எஸ். ராம்தாஸ் எழுதிய அந்தத் தொடரிலே நான்கு கோமாளிகள். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசுவார். ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். ராம்தாஸ், ரி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய நால்வரும் முறையே இப்பாத்திரங்களை ஏற்றனர். இத்தொடர் 1976இல் எஸ். இராமநாதனின் நெறியாள்கையிலே 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. சில்லையூர் செல்வராஜனும் கமலினி செல்வராஜனும் அதில் நடித்தனர். ராம்தாஸ் 2016இல் மறையும் வரை 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அழைக்கப்பட்டார். செல்வசேகரனுக்கோ 'உபாலி' என்பது பெயரின் முற்பகுதியாகவே ஒட்டிக்கொண்டது.

வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்து கேட்ட தலைமுறைக்கு இவை பழைய செய்திகள். ஆயினும் இரண்டு நுட்பங்களை நாம் அன்று கவனித்தோமல்லோம்.

முதலாவது: அந்த நால்வரிடையே ஆசிரியர் இல்லை. 'இதுவே சரியான தமிழ்' என்று அளவுகோல் பிடித்து நிற்க ஐந்தாமவன் ஒருவன் வரவில்லை. அப்புக்குட்டியின் 'பேந்து' மரிக்காருக்கு வேடிக்கை. மரிக்காரின் இழுவை ஐயருக்கு வேடிக்கை. ஐயரின் பேச்சு உபாலிக்கு விளங்காத புதிர். உபாலியின் தமிழோ எல்லோருக்கும் விருந்து. ஒவ்வொருவரும் சிரித்தவர், ஒவ்வொருவரும் சிரிக்கப்பட்டவர். பேராசிரியர் வகுத்த எள்ளலின் இரு கூறுகளும் ஒரே காட்சியிலே கைகோத்து நின்றன. கேட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்தவன் மரிக்காரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தன்னுடைய பேச்சும் அம்பலத்துக்கு வந்துவிட்டதை உணர்ந்தான். அவன் பேச்சே சரியான பேச்சு என்ற இறுமாப்பு, வலிக்காமலே கழன்று விழுந்தது.

இரண்டாவது நுட்பம் நாக்கைப் பற்றியது. மரிக்காராகப் பேசிய ராம்தாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய அப்துல் ஹமீத் பிராமணர் அல்லர், முஸ்லிம். உபாலியாகப் பேசிய செல்வசேகரன் தமிழர். ஒருவன் மொழியை மற்றொருவன் தன் நாவிலே சுமந்தான். பிறன் பேச்சை நன்றாகப் பேசவேண்டுமானால் முதலில் அதைக் கூர்ந்து கேட்கவேண்டும். கூர்ந்து கேட்பதற்குச் சிறிது அன்பு வேண்டும். மேலோட்டமாக நையாண்டி செய்பவன் இரண்டு சொற்களோடு களைத்துப்போவான். வாரந்தோறும் பேசவேண்டியவனுக்கு அந்த மொழியின் வளம் முழுவதும் தேவைப்படும்.

வளம் என்று காரணத்துடனேயே சொல்கிறேன். தொழுகை, நோன்பு, பசியாறுதல் என்னும் தமிழ்ச் சொற்களை அன்றாட வாழ்விலே உயிரோடு காப்பவர்கள் முஸ்லிம் மக்கள். குழம்பை 'ஆணம்' என்று அவர்கள் சொல்லக் கேட்டு நகைக்கும் நம் மாணவனுக்கு அது தமிழ் அகராதியிலுள்ள பழஞ்சொல் என்பது தெரியாது. அவ்வாறே 'உவன்', 'உது', 'உங்கை' என நாம் பேசுவதைக் கேட்டுத் தமிழ்நாட்டிலே முறுவலிப்பவர்க்கு, அவன் இவன் உவன் என்ற பழந்தமிழ்ச் சுட்டு மூன்றும் யாழ்ப்பாணத்துச் சந்தையிலே இன்னும் வழங்குகின்றன என்பது தெரியாது. ஏளனத்துக்கு ஆளாகும் சொல்லின் கீழே பல வேளைகளில் ஒரு புதையல் கிடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கோமாளிகளும் அச்சிலே வார்த்த பாத்திரங்கள்தாமே, ஒரு சமூகம் முழுவதையும் ஒரு மரிக்காரிலே அடக்கிவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நால்வரிலே மலையகத் தமிழுக்கு நாற்காலி இல்லை, பெண்ணுக்கும் இல்லை, யாழ்ப்பாணத்துக்குள்ளேயே சாதியினால் ஒதுக்கப்பட்டோரின் பேச்சுக்கும் இல்லை. அந்தத் திண்ணை நீளமானதன்று. ஆனால் திண்ணை குறுகியது என்பதற்காக அதை இடித்துவிடுதல் முறையாகாது. நீட்டிக் கட்டுதலே முறை.

நாமோ நீட்டவில்லை, அதனை இழந்தோம். 1983 யூலையிலே கொழும்பு வாழ் தமிழர் வீடுகள் எரிந்தன. அப்புக்குட்டிகள் கப்பலேறி வடக்கே வந்தார்கள். 1990 ஒக்டோபரிலே விடுதலைப்புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கு மேற்பட்ட மக்கள் வீடிழந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. மரிக்கார்கள் போனார்கள். நான்கு பேர் அமர்ந்து ஒருவரையொருவர் பகிடி பண்ணிய திண்ணை வெறிச்சோடியது. அதன்பின் நம் மேடையிலே வந்த முஸ்லிம் பாத்திரத்தைப் பார்த்துத் திருப்பிச் சிரிக்கச் சபையிலே ஒரு முஸ்லிம் இல்லை. அதே வசனம், அதே இழுவை, அதே தொப்பி. ஆயினும் அது முன்னைய நகை அன்று. இருந்து பதில் சொல்ல இயலாதவனைப் பகிடி பண்ணுவது பகிடியாகாது. நான் தொடக்கத்திற் சொன்ன போட்டி மேடைகளை மனத்திற் கொள்ளுங்கள். 2009இன் பின்னர் திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் நகரிலே படிக்கிறார்கள். மலையகத்து வேர்களையுடைய பிள்ளைகளும் வடக்கின் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். மேடையிலே சிரிப்பு மூளும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை ஆசிரியர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக.

இதன் சூடு எத்தகையது என்பதை நாமே அறிவோம். 2000ஆம் ஆண்டிலே கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தெனாலி' படத்தில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசி நடித்தார். எதைக் கண்டாலும் அஞ்சும் ஓர் அகதியின் பாத்திரம் அது. அதிலே அவன்மேல் பரிவு இருந்தது. கெட்ட நோக்கம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆயினும் அந்தப் படத்திலே வேறுபட்ட நாக்குடையவன் அவன் ஒருவனே. மற்றவர் பேச்சு அளவுகோல். நம் மொழி வெள்ளித்திரையில் ஒலித்ததென்று பாதி மகிழ்ந்தோம். அது அச்சத்தின் மொழியாகவும் அசட்டு மொழியாகவும் ஒலித்ததே என்று பாதி நொந்தோம். அந்தப் பாதி நோவைத்தான் நாம் நம் மேடைகளிலே பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஆசிரிய அன்பர்களுக்கு என் வேண்டுகோள் தடைச்சட்டம் அன்று. நாடகப் பிரதி கைக்கு வந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இதிலே எவருடைய பேச்சைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை? அப்படி ஒருவர் இருப்பாராயின் பிரம்பு அவர் கையிலேதான் இருக்கிறது. அவரையும் சிரிப்புக்குள் இழுத்துவிடுங்கள். மேடையிலே முஸ்லிம் வியாபாரி வரவேண்டுமா? வரட்டும், கூடவே நம்மூர் உடையாரும் வரட்டும், வியாபாரி அவருடைய மிடுக்கைக் கிழிக்கட்டும். மலையகத் தொழிலாளி வரவேண்டுமா? வரட்டும், நம் 'ஓம் ஓம்' என்ற ஓயாத ஆமோதிப்பை அவன் கண்டு வியக்கட்டும். பாத்திரங்களைப் பங்கிடும்போது கோமாளிகளின் முறையையே பின்பற்றலாம். ஒருவர் மொழியை மற்றவர் நாவில் வையுங்கள். சோனகதெருச் சிறுவன் ஒருவன் விதானையாராக வந்து யாழ்ப்பாணத் தமிழிலே அதட்டட்டும். நல்லூர்ச் சிறுவன் அவனிடமிருந்தே கேட்டுப் பழகி அவன் பேச்சைப் பேசட்டும். ஒத்திகை நடக்கும் அந்த இரண்டு வாரத்திலே அவ்விருவருக்குமிடையே உண்டாகும் பழக்கம், பரிசுக் கேடயத்திலும் பெறுமதி வாய்ந்தது.

இலக்கிய வட்டங்களுக்கும் ஒரு வார்த்தை. வானொலி நாடகம் காற்றிலே பிறந்து காற்றோடு போகும் கலை. இலங்கையர்கோனின் சிறுகதையை ஆராய்ச்சிக்குரியதாகவும் அவருடைய வானொலித் தொடரைப் பொழுதுபோக்காகவும் பிரித்து வைத்திருக்கிறோம். அதே பேனாதான் இரண்டையும் எழுதியது. கோமாளிகளைப் பற்றிப் பழைய நேயர்கள் கதைப்பதுண்டு. ஆனால் மாணவன் ஒருவன் கேட்டால் எடுத்துக்கொடுக்க, நான் அறிந்த பாடசாலை நூலகம் எதிலும் ஒரு பிரதி இல்லை. கிடைக்கும் பிரதிகளைத் தேடித் திரட்டி அச்சிடுவதும், எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளைப் பேணுவதும், நான்கு வட்டார வழக்குகளுக்கும் சொற்குறிப்பு எழுதுவதும் நம் பல்கலைக்கழகத்துக்கும் சங்கங்களுக்கும் இயலாத காரியமன்று. பேச்சுத்தமிழ் பற்றி ஆயிரம் பக்கம் விவாதித்த நாடு இது. அந்தப் பேச்சே பதிவான ஏடுகளைக் கைவிடலாகாது.

ஆங்கில வகுப்பறையிலே பதின்மர் ஒருவரிடம் மொழி கற்க வந்தார்கள், வாரந்தோறும் தவறினார்கள். நமது திண்ணையிலே நால்வர் எவரிடமும் கற்க வரவில்லை. ஆயினும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணம் பிரம்புக்குப் பெயர்போன ஊர். நல்ல பள்ளிக்கூடங்களை அதனாலேயே கட்டினோம் என்று பெருமை பேசுவோரும் உண்டு. சிரிப்பைக் கற்பிக்குமிடத்திலாவது அதைக் கீழே வைத்துவிடுவோம்.